மாடி அத்தைக்கு ஒரே ஒரு வசனம்

அந்த வீட்டுக்கு மூச்சு விட்டது ஒரு லாரி டிரைவரின் மனைவி.

தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது ஒரு பழைய மாடி வீடு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கல்யாணம் ஆகாத ஒரு சித்தப்பா என்று ஒரு குடும்பம் அதில் குடிவருகிறது. பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் மாடியில் யாரோ இருப்பது தெரிந்துவிடுகிறது. படிக்கட்டின் உச்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். திரும்ப மாட்டாள், பேச மாட்டாள். மூச்சு மட்டும் கேட்கும். கதையில் வரும் பிள்ளைகள் அவளுக்கு ‘மாடி அத்தை’ என்று பெயர் வைத்தார்கள். பார்க்கிற பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் தொடருக்கு வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்து, ‘மாடி அத்தை நாடகம்’ என்பதே நிலைத்துவிட்டது.

முதுகு ஒரு நடிகையுடையது. மூச்சு இவருடையது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இவரை எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இயக்குநருக்கு இவரைவிட வயது அதிகம். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

மூச்சு விடுவதெல்லாம் ஒரு வேலையா என்று நேரிலேயே கேட்டவர்கள் உண்டு. அக்கா கோபப்பட மாட்டார். “எல்லாரும்தான் விடுறாங்க. நான் கொஞ்சம் சத்தமா விடுறேன், அவ்வளவுதான்” என்பார். ஆனால் அவர் வேலைக்குத் தயாராவதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைப்பார். கைக்கடிகாரத்தையும் கழற்றுவார், அதன் டிக் டிக்கையும் மைக் பிடித்துவிடும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணிதான் உடுத்துவார். புதுத் துணி சரசரக்கும். வரும் வழியில் கட்டாயம் ஒரு பன் சாப்பிட்டுவிடுவார். பசித்த வயிறு மைக் முன்னால் சும்மா இருக்காது. ஒருமுறை பன் கிடைக்கவில்லை. அந்த வாரம் அந்த வீடு உறுமியது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. உறுமியது அக்காவின் வயிறு. ஒலிப்பதிவாளருக்கு அது பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்.

அக்கா இந்த வேலைக்கு வந்ததும் தற்செயல்தான். முன்பு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் வசனத் தாள்களைப் படியெடுத்து மேலே கொண்டுவந்து கொடுத்தபோது, உள்ளே எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். அழுகைக்கு வர வேண்டிய பெண் வரவில்லை. “இங்க யாருக்காவது அழத் தெரியுமா?” என்று யாரோ சலிப்போடு கேட்டார்கள். “தெரியாம என்ன?” என்று தாள்களைக் கீழே வைத்துவிட்டு அக்கா அழுதார். என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று கீழே இருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் கையில் மையோடு ஓடிவந்துவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு மேல்தளம்தான்.

ஆனால் மேல்தளத்திலும் அவருக்குக் கிடைத்தது சத்தம்தான், பேச்சு இல்லை. சந்தைக் கூட்டத்தில் ஒரு குரல். பிரசவ வார்டில் ஒரு முனகல். திரையில் வந்த எத்தனையோ கைக்குழந்தைகளுக்கு அழுதிருக்கிறார். வசனம் பேசும் பெண்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் நிற்பார்கள். அக்காவின் கையில் தாள் இருக்காது. முனகலுக்கு எதற்குத் தாள்? ஒரு நாளாவது அச்சடித்த ஒரு வரியைப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு உள்ளே இருந்தது. கணவரைத் தவிர வேறு யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

மாடி அத்தை வந்தபோது, முதல் நாள் அக்கா புசுபுசுவென்று பயமுறுத்தும்படி மூச்சு விட்டார். இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். “அக்கா, பேய்னு நினைச்சு விடாதீங்க. வீட்டுக்காரின்னு நினைச்சு விடுங்க. நம்ம வீட்டுல யாரோ வந்து சாமான் இறக்குறாங்க. நமக்கு எப்படி இருக்கும்?”

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அதன் பிறகு அக்கா பேய்க்கு மூச்சு விடவே இல்லை, வீட்டுக்காரிக்குத்தான் விட்டார். பிள்ளைகள் சுவரில் கிறுக்கும்போது ஒரு மூச்சு, தாய் அடுப்பை அணைக்க மறந்து தூங்கிவிடும்போது ஒரு மூச்சு. சித்தப்பா அண்ணனிடம் பொய் சொல்லும் காட்சிக்கு இயக்குநரின் தாளில் ‘மாடியில் பெருமூச்சு’ என்று எழுதியிருந்தது. அக்கா பாதி மூச்சை இழுத்து அப்படியே நிறுத்திக்கொண்டார். திரையில் பார்த்தபோது அந்த வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் வீட்டில் பொய் சொல்லப் பயமாக இருந்தது என்று ஒலிப்பதிவாளரே சொன்னார்.

இதற்கெல்லாம் சரக்கு எங்கிருந்து வந்தது என்றால், போகிற வருகிற இடத்திலெல்லாம் அக்கா எடுத்துக்கொள்வார். பேருந்துக்கு ஓடிவந்து ஏறியவரின் மூச்சு, மருத்துவமனையில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவரின் மூச்சு. எதிர்வீட்டுத் தையல்காரி துணி மூட்டையோடு மாடிப்படி ஏறும்போது திருப்பத்தில் நின்று விடுகிற மூச்சு ஒன்று உண்டு. அது அப்படியே ஒரு வாரம் நாடகத்தில் வந்துவிட்டது. அன்றைக்கே தையல்காரி வந்து கதவைத் தட்டினார்.

“ஏண்டி, என் மூச்சைத் திருடிட்டுப் போய்ப் பேய்க்குப் போட்டுட்டியா?”

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“என் மூச்சு எனக்குத் தெரியாதா? நடுவுல ‘அம்மாடி’ன்னு வரும். அதை மட்டும் வெட்டிட்ட!”

டிரைவருக்கோ மனைவியின் வேலையில் தலைகால் புரியாத பெருமை. லாரி நிற்கிற இடமெல்லாம், “அந்த மாடி அத்தை இருக்காளே, அவ என் வீட்டுக்காரிதான்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்ற டிரைவர்கள் விடுவார்களா? “பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்னு சொல்வாங்களே, நீ ஏறுறியா?” என்று கேட்டார்கள். “அதான் லாரி ஏறுறேனே, போதாதா?” என்றார் டிரைவர். அக்காவிடம் வந்து இதைத் தானே சொல்லித் தானே சிரிப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் இயக்குநர் அக்காவின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

“இந்த வாரம் மாடி அத்தை வீட்டை விட்டுக் கிளம்புறாக்கா. பிள்ளைங்க கதவைத் திறந்து விடுறாங்க. படியிறங்கி வாசல் வரைக்கும் வர்றா. அங்க நின்னு ஒரு வார்த்தை பேசுறா.”

“யாரு சார் பேசுறது?”

“இது என்ன கேள்வி? நீங்கதான்.”

தாளில் மேலே காட்சியின் விவரம். கீழே ஒரே வரி: *நான் போறேன்.*

அவ்வளவுதான். அதோடு மாடி அத்தை கதையிலிருந்து போய்விடுவாள். அக்காவின் வேலையும் அவளோடு போய்விடும். அது அக்காவுக்கும் புரிந்தது. ஆனாலும் தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய், “இதுல ஒரு காப்பி போடுங்க” என்றார்.

கடைக்காரர் பார்த்தார். “ஒரு வரிதானேம்மா இருக்கு? கையால எழுதிக்கலாமே?”

“எழுதிக்கலாம். ஆனா இது அச்சுல இருக்கு.”

வீட்டுக்கு வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மறுநாள் விடியற்காலை டிரைவர் லோடு ஏற்றப் போகிறார். கண்ணாடிப் பாளங்கள், போக ஒரு நடை, திரும்ப ஒரு நடை. ஆள் வெளியே கிளம்புகிற வீட்டில் ‘போறேன்’ என்ற சொல்லை எப்படி வாய்விட்டுச் சொல்வது? வாசலைத் தாண்டுகிறவர் ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பாதி வீடுகளில் இந்தச் சட்டம் இருக்கிறது. லாரி ஓட்டுகிறவர் வீட்டிலோ இது சட்டத்துக்கும் மேலே. பிரேக் சரியில்லை என்றால்கூட மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்; ‘வரேன்’ சொல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கூரையின் கீழ் ‘போறேன்’ என்று யாரும் சொன்னதில்லை.

அதனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல துணியை வெட்டுவதற்கு முன்னால் தையல்காரி பழைய துணியில் வெட்டிப் பார்ப்பார் அல்லவா, அதுபோல அந்தச் சொல்லின் இடத்தில் வேறு சொல்லை வைத்துப் பழகினார். மூச்சு எங்கே தொடங்க வேண்டும், ‘நான்’ முடிந்து எவ்வளவு நிறுத்த வேண்டும், கடைசி எழுத்து எப்படிக் கரைய வேண்டும் எல்லாவற்றையும் பழகினார். சொல் மட்டும் வேறு.

“நான்... வரேன்.”

“வா, வா” என்றார் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்.

“உங்ககிட்ட இல்லங்க. ஒத்திகை.”

“அப்படியா? எனக்கு முடியெல்லாம் நட்டுக்கிச்சு. இன்னொரு தடவை சொல்லு.”

அக்கா இன்னொரு தடவை சொன்னார். பாத்திரம் கழுவும்போது சொன்னார், துணி காயப்போடும்போது சொன்னார். டிரைவர் கிளம்பிப் போன பிறகும் சொன்னார். அவர்தான் சாலையில் இருக்கிறாரே!

பதிவு மதியத்தில் நடந்தது. திரையில் மாடி அத்தை வாசலில் நின்றாள், வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு. வாய் தெரியாததால் உதட்டசைவுக்குப் பொருத்த வேண்டிய வேலை இல்லை. அக்கா தாளைக் கையில் பிடித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மூச்சு. பிறகு அந்த வசனம்.

ஒலிப்பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இயக்குநர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினார்.

அக்கா சொன்னது, “நான் வரேன்.”

சொன்னவருக்கும் அது தெரியவில்லை, கேட்ட இருவருக்கும் தெரியவில்லை. வாசலில் நின்று ஒருவர் ‘வரேன்’ என்றால் அவர் போகிறார் என்றுதான் பிறந்ததிலிருந்து அவர்களுடைய காதுகள் புரிந்துகொண்டிருக்கின்றன. தாளோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு வரிக்கு யார் தாளைப் பார்ப்பார்கள்? பார்க்காமலேயே சேனலுக்கு அனுப்பினார்கள்.

ஒளிபரப்பு முடிந்து விளம்பரம் வருவதற்குள் தையல்காரி கதவைத் தட்டிவிட்டார்.

“என்னடி இது? ஒருவழியா கிளம்பினாளேன்னு நிம்மதியா உட்கார்ந்தா, வரேன்னுட்டுல்ல போறா! எப்ப வருவா? அந்த வீட்டுக்கு வருவாளா, பாக்கிறவங்க வீட்டுக்கு வருவாளா?”

“வரேன்னா சொன்னா?”

“நீதானடி சொன்ன!”

உயிரோடு இருப்பவர் ‘வரேன்’ என்றால் அது மரியாதை. செத்தவள் ‘வரேன்’ என்றால் அது என்ன? பதில் அன்றைக்கே ஊருக்கெல்லாம் கிடைத்துவிட்டது. பிள்ளைகள் மாடிக்குப் போக மாட்டேன் என்று அழுதார்கள். மாடி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் மாடிக்குப் போக மாட்டேன் என்று அழுதார்கள். சேனலில் தொலைபேசி அடித்து ஓயவில்லை.

மறுநாள் காலை அக்கா கூடத்துக்குள் நுழைந்தபோது இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

“வேணும்னுதானே சொன்னீங்க?”

“சார்?”

“மாடி அத்தை போயிட்டா உங்களுக்கு இங்க வேலை இல்ல. அதனால நான் சாத்துற கதவுக்கு நடுவுல காலை விட்டுட்டீங்க. வரேன்னு சொல்லி வச்சா, திரும்பக் கூப்பிட்டுத்தானே ஆகணும்?”

அக்கா பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். வளையல் சுற்றியிருந்ததால் வெளியே எடுக்க வரவில்லை.

ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் திருப்பினார். “சார், அன்னிக்கு நானும்தான் கேட்டேன். நீங்களும்தான் கேட்டீங்க. ஒரு தடவை இல்ல, திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டீங்க. கண்ணைக்கூடத் துடைச்சீங்க.”

“அது தூசி.”

“ஏ.சி. ரூம்ல ஏது சார் தூசி?”

அக்கா நடந்ததைச் சொன்னார். வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல் வேறு சொல்லை வைத்துப் பழகியதையும், அந்தச் சொல்லே நாக்கில் தங்கிவிட்டதையும் மறைக்காமல் சொன்னார். இயக்குநர் நம்பியும் நம்பாமலும் கேட்டார்.

“சரி, போகட்டும். நாளைக்கு மறு ஒளிபரப்பு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள திருத்தி அனுப்பணும். உள்ள போங்க. ‘நான் போறேன்.’ ரெண்டே வார்த்தை. முடிச்சிட்டு வாங்க.”

அக்கா உள்ளே போனார். ஹெட்போனை மாட்டினார். விளக்கு எரிந்தது.

“நான்...”

அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் விளக்கு எரிந்தது. மறுபடியும் ‘நான்’ மட்டும்தான் வந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

“சார், அவரு ரோட்டுல இருக்காரு.”

“யாரு?”

“எங்க வீட்டுக்காரர். கண்ணாடி லோடு ஏத்திட்டுத் திரும்பிட்டு இருக்காரு. மைக் முன்னால தானா வந்துரும்னு நினைச்சேன். அவரு ரோட்டுல இருக்கிறப்ப என் வாயால எப்படி சார்...”

இயக்குநர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “அக்கா, எனக்கு வேற வழி இல்ல. வேற குரலைக் கூப்பிட்டு அந்த ஒரு வரியைப் போட்டுடுவேன்.”

அக்காவுக்கு இருந்ததே அந்த ஒரு வரிதான். அதையும் அழித்துவிட்டு இன்னொருவர் குரலை வைத்துவிட்டால், மாடி அத்தை கடைசிவரை இவர் வாயால் பேசாதவளாகவே போய்விடுவாள். அதைவிட, கதவுக்கு நடுவில் காலை விட்டவள் என்ற பேச்சு அப்படியே நின்றுவிடும்.

“மாட்டேன்னு சொல்லல சார். அவரு வண்டி வந்து நிக்கட்டும். நின்ன உடனே சொல்றேன். நீங்க கேட்கிற மாதிரி சொல்றேன்.”

“இந்தக் காலத்துலயும் இப்படியாக்கா? ஒரு சொல்லுல என்ன இருக்கு? நான் சொல்றேன் பாருங்க. நான் போ...”

“சார்” என்றார் ஒலிப்பதிவாளர். “உங்க பொண்ணு இன்னிக்கு ரயில்ல வருதுன்னு சொன்னீங்களே?”

இயக்குநரின் வாய் ‘போ’விலேயே நின்றது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்க வந்துட்டாராம் உங்க வீட்டுக்காரர்?”

அதன் பிறகு அந்தக் கூடத்தில் வேறு வேலையே நடக்கவில்லை. டிரைவர் வண்டியை ஓரம் கட்டும்போதுதான் பேசுவார். முதலில் அக்கா பேசினார். அடுத்து ஒலிப்பதிவாளர் பேசினார். மூன்றாவது தடவை இயக்குநரே போனை வாங்கிக்கொண்டார்.

“ஐயா, எங்க வர்றீங்க?”

“பாலத்துக்கிட்ட சார். கண்ணாடி லோடு, மெல்லத்தான் வர முடியும். வேகமா வந்தா தூளாத்தான் வந்து சேரும். வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லயே?”

“எல்லாரும் நல்லா இருக்காங்க. நீங்க மெதுவா வாங்க.” ஒரு நொடி யோசித்துவிட்டு, “ஆனா சீக்கிரம் வாங்க” என்றார்.

அக்கா பதிவறைக்குள் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்துகொண்டார். பஞ்சு வைத்த சுவர்கள். அங்கே அவருடைய மூச்சைத் தவிர வேறு சத்தமே கிடையாது. இத்தனை நாளும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாத சொல்லாகவே நினைத்திருந்தார். மாடி அத்தை அதை ஏன் சொல்கிறாள் என்று இப்போதுதான் யோசித்தார். ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனால் வீட்டில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். தட்டை எடுத்து வைக்க வேண்டும். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்க வேண்டும். அது எவ்வளவு பெரிய வேலை என்பது லாரிக்காரர் மனைவிக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வேலையை வைக்க மாடி அத்தைக்கு மனசில்லை. இனிப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், விளையாடப் போங்கள் என்கிறாள். அப்படியானால் அதில் அழுகை இருக்கக் கூடாது. அக்கா வீட்டில் பழகியதிலோ முழுக்க அழுகைதான் இருந்தது.

பிற்பகல் சாயும் நேரத்தில் தெருவில் ஹாரன் கேட்டது. லாரி அந்தச் சின்னத் தெருவை முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் தெருவில் இறங்கி நின்று, “வா, வா, இன்னும் வா, ஆ... போதும்!” என்று கையைக் காட்டினார். டிரைவர் கழுத்தில் துண்டோடு படிகளைத் தாவித் தாவி ஏறி வந்தார்.

“என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலங்க. உட்காருங்க. வண்டியை அணைச்சாச்சா?”

“அணைச்சாச்சு.”

“சாவி?”

அவர் சாவியைக் கொடுத்தார். அக்கா அதைக் கையோடு உள்ளே கொண்டுபோகப் பார்த்தார். பிறகு, சாவி சத்தம் போடும் என்று ஞாபகம் வந்து, இயக்குநரின் உள்ளங்கையில் வைத்தார். “பத்திரமா வச்சிருங்க சார். உங்க பொண்ணு?”

இயக்குநர் போனைப் பார்த்தார். “சேர்ந்துட்டாளாம். இப்பதான் மெசேஜ்.”

இருவரும் ஒலிப்பதிவாளரைப் பார்த்தார்கள். “நான் தனிக்கட்டை. எனக்கு ரோட்டுல யாரும் இல்ல” என்றார் அவர்.

விளக்கு எரிந்தது.

அக்கா தாளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கணவரையும் பார்க்கவில்லை. திரையில் வாசலில் நின்ற முதுகைப் பார்த்தார். மூச்சை மெல்ல இழுத்தார். எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவளின் மூச்சு அது.

“நான் போறேன்.”

அழுகை இல்லை. பயமுறுத்தலும் இல்லை. கதவை எவ்வளவு மெதுவாகச் சாத்தினால் தூங்குகிற பிள்ளை விழிக்காதோ, அவ்வளவு மெதுவாக அந்தக் கடைசி எழுத்து சாத்திக்கொண்டது.

“ஏய்! எங்க போற?” என்று டிரைவர் துள்ளி எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி பின்னால் விழுந்தது.

உள்ளே அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. கணவரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஆனால் என்ன சொல்கிறார் என்பது புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இயக்குநர் உள்ளே கேட்கும்படி பேச்சுப் பொத்தானை அழுத்தினார். சாவியை மறு கையில் இறுகப் பிடித்தபடியே இருந்தார். “அக்கா... காலையில நான் பேசினது தப்பு.”

அக்கா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். “சார், காதுல சரியா விழல. இன்னொரு டேக் போகலாமா?”

“காலையில நான் பேசினது தப்புக்கா.”

“ஓகே சார். இது நல்லா வந்திருக்கு.”

மறு ஒளிபரப்பைத் தையல்காரி அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்து பார்த்தார். பார்த்து முடித்ததும் அக்கா பக்கம் திரும்பினார்.

“போயிட்டாளா?”

“போயிட்டா.”

“நிஜமாவே போயிட்டாளா?”

“நிஜமாவே போயிட்டா.”

தையல்காரி மூக்கை உறிஞ்சினார். “பாவம்டி. ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது போயிருக்கலாம்.”

மாடி அத்தையைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி அதன் பிறகு சேனலுக்கு யாரும் பேசவில்லை. நன்றாக வழியனுப்பப்பட்டவளை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை போலும். அந்தத் தொடரில் அக்காவுக்கு வேலை முடிந்தது. சில வாரங்கள் மறுபடியும் சந்தைக் கூட்டம், பிரசவ வார்டு. பிறகு ஒருநாள் இயக்குநர் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தார். வேறொரு தொடர். வாய் ஓயாமல் பேசும் ஒரு பழக்கடைக்காரி. அக்கா கீழே இறங்கி எல்லாவற்றையும் படியெடுத்தார். “இந்தத் தடவையாவது ரெண்டு வரி இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். அன்று வீட்டுக்கு வந்த அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டு, “பேசுறவங்களுக்கு இவ்வளவு வாய் வலிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

அடுத்த நடைக்கு டிரைவர் கிளம்பியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டார். படிக்கட்டில் இரண்டு படி இறங்கியவர் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டே, மாடி அத்தை குரலில் இழுத்தார்.

“நான்... போ...”

வாசலில் நின்ற அக்கா பாதி மூச்சை இழுத்து நிறுத்தினார். எதிர்வீட்டில் தையல் இயந்திரம்கூட நின்றுவிட்டது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தானாக அடங்கியது.

“போயிட்டு வரேன்” என்றார் ஒழுங்காக.

அவர் படியிறங்கிப் போய், கீழே கதவு சாத்தி, லாரி உறுமி, அந்த உறுமல் தெருமுனையில் திரும்புகிறவரை அக்கா வாசலிலேயே நின்றார். அப்புறம்தான் மீதி மூச்சை விட்டார்.